அப்பத்தா கண்வலிப்பூ என்று சொன்ன பூ

நாள் 1: மூலனூர்

இந்தப் பயணத்துக்குக் காரணம் தங்கை மகளின் வீட்டுப்பாடம். தமிழ்நாட்டின் சின்னங்களைப் படமாக ஒட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பனைமரம், வரையாடு, மரகதப்புறா எல்லாம் ஒட்டியாயிற்று. கடைசிப் படத்தின் முதுகில் பசையைத் தடவிக்கொண்டே, “மாமா, இதுதான் செங்காந்தள்” என்று நீட்டினாள். பார்த்ததும் என் வலது கை தானாகப் பின்னால் போனது. ஏழு வயதில் அந்தப் பூவைக் கொடியோடு இழுத்துக்கொண்டு வந்ததற்காக அப்பத்தா அடித்த அடி அந்தக் கையில்தான் விழுந்தது. “கண்வலிப்பூடா அது. பாத்தாலே கண்ணு வலி வந்துரும்” என்று சொல்லிச் சொல்லி அடித்தது.

குறுந்தொகையின் முதல் பாட்டு ‘குருதிப் பூவின் குலைக்காந் தட்டே’ என்று முடிவதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அந்தக் காந்தளும், அறந்தாங்கிப் பக்கம் எங்கள் வீட்டு வேலியில் மழைக்குத் தலைநீட்டும் கண்வலிப்பூவும் ஒன்றே என்பது 43 வயதில், பசை காயாத ஒரு படத்திலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. கார்த்திகை பிறந்ததும் ஆறு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஒரு பூவின் பெயர்களைத் தேடிப் போகிறேன் என்றால் மேலாளர் சிரிப்பார். குலதெய்வம் கோயில் என்று சொல்லியிருக்கிறேன்.

கரூரிலிருந்து தாராபுரம் பஸ். சின்னதாராபுரம் தாண்டியதும் மண் சிவந்து, முருங்கைத் தோட்டங்கள் வர ஆரம்பிக்கின்றன. மூலனூருக்குக் கொஞ்சம் முன்பே அது கண்ணில் பட்டது. காடு காடாக, கம்பி கட்டிய பந்தல்களில், ஆயிரக்கணக்கில். எங்கள் ஊரில் வேலியில் ஒன்றிரண்டாகப் பார்த்த பூ இங்கே வரிசை பிடித்து நிற்கிறது. காட்டுப்பூ என்று நினைத்து வந்தவனுக்கு முதல் அடி. இந்தப் பக்கம் இது பணப்பயிர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அந்தப் பக்கம் ஜெயங்கொண்டம், வேதாரண்யம் என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் விளைகிறது.

சாலையோரத் தோட்டம் ஒன்றில் இறங்கிப் போய் நின்றேன். தோட்டக்காரர் ஐம்பது வயதுக்காரர்.

“ஏனுங் தம்பி, விதை கம்பெனிங்களா?”

இல்லை, இந்தப் பூவின் பெயரைத் தெரிந்துகொள்ள வந்தேன் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். “பேருங்களா? கண்வலி. வேறென்னங்க பேரு.”

இங்கே காசு விதைக்குத்தான். விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வலிக்கும் கௌட் நோய்க்கு அது மருந்து. செல் பிரிவதையே தடுத்துவிடக்கூடியது என்பதால் அளவு கொஞ்சம் மீறினாலும் ஆளைக் கொன்றுவிடும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதில்லை.

காலை நேரம். பெண்கள் வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஏன் இந்தப் பாடு? ஒரு அக்கா பூவைத் திருப்பிக் காட்டினார். பூ தலைகீழாகத் தொங்குகிறது. ஆறு இதழும் நெருப்பு எழுவதுபோல் மேல் நோக்கி மடிந்து நிற்கின்றன. நடுவில் இருக்கும் சூல்தண்டு, கிளம்பும் இடத்திலேயே சட்டென்று செங்கோணமாக வளைந்து பக்கவாட்டில் வெளியே போய்விடுகிறது, தன் பூவின் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க. “தேனீ வந்து செய்யுமுன்னு நம்பி உக்காந்தா காய் பிடிக்காதுங்க” என்றார்.

வரப்பில் அழுகல் நோய் விழுந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். தோட்டக்காரர் ஒரு குச்சியால் கிழங்கைப் புரட்டிக் காட்டினார். இரண்டு விரல் தடிமனில், நடுவில் மடங்கி, இரண்டு பக்கமும் கூராக நீண்டிருந்தது. “எங்கய்யன் இதைக் கலப்பைக் கெழங்கும்பாருங்க” என்றார். பிறகு அவரே, “இப்ப கலப்பைய எங்கீங்க போய்ப் பாக்குறது? எம்பையனுக்கு டிராக்டர்ல மாட்டறதுதான் கலப்பை” என்று சிரித்தார்.

சித்த மருத்துவத்திலும் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றுதான் பெயர். வடமொழியில் லாங்கலி. லாங்கலம் என்றால் ஏர். ரிக் வேதத்திலேயே வரும் பழைய சொல். நம் ‘நாஞ்சில்’ என்ற ஏர்ப்பெயரும் அதுவும் உறவுள்ளவை என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். ஆக நாஞ்சில் நாட்டின் பெயரும் இந்தக் கிழங்கின் பெயரும் ஏதோ ஒரு விதத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஏரைத் தெரிந்தவன் மண்ணுக்குள் பார்த்து வைத்த பெயர் இது. ஏர் போனதும் பெயரும் காட்டை விட்டுப் போய்விட்டது.

“கண்வலின்னு ஏங்க சொல்றாங்க?”

“பூவை உத்துப் பாத்துட்டே இருந்தா கண்ணு செவந்துருமுங்க. பெரியவங்க சொல்லுவாங்க.”

“நீங்க தெனமும் பாக்கறீங்களே?”

அவர் அந்தக் கேள்வியைக் கேட்காததுபோல் மோட்டாரைப் போடப் போய்விட்டார்.

நாள் 2: தாராபுரம், மழை

ஒட்டன்சத்திரம் போகலாம் என்று கிளம்பினேன். போகவில்லை. விடியற்காலையில் பிடித்த மழை மதியம் வரை விடவில்லை. லாட்ஜ் அறையில் ஜன்னல் கதவு மூடாது. டீக்கடைப் பையன் மூன்று முறை வந்து போனான். அதனால் இன்று ஊர் இல்லை, பாட்டுதான். விருப்பமில்லாதவர்கள் நாளைக்கு வாருங்கள்.

முதலில் கண்வலி. ராத்திரி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பூவைப் பார்த்தால் கண் சிவக்காது. ஆனால் பூப்பது எப்போது? ஐப்பசி, கார்த்திகை. மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண்வலி ஊரெல்லாம் பரவுவதும் மழை ஈரம் நிற்கும் இதே நாள்களில்தான். வேலியில் சிவப்பாக ஒன்று, வீட்டுக்குள் சிவப்பாகக் கண் ஒன்று. இரண்டையும் ஒருத்தி முடிச்சுப் போட்டிருப்பாள். பிள்ளைகளை விஷச்செடியிலிருந்து தள்ளி வைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. இது என் ஊகம்தான், ஆனால் எனக்குப் பிடித்த ஊகம்.

அடுத்து காந்தள். வயிறு காந்துகிறது என்கிறோம். அடிப்பிடித்த சோற்றைக் காந்தல் என்கிறோம். காந்துதல் என்றால் எரிதல், தகித்தல். காந்தள் அந்த வேரிலிருந்து வந்த சொல் என்று கொண்டால் நேற்றுப் பார்த்த பூவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, விளிம்பெல்லாம் நெளிவு. விறகடுப்புத் தீயைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அதுவும் ஒரே நாளில் இந்த நிறம் வருவதில்லை. விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் கருஞ்சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிலையும் இருக்கும், பற்றிக்கொண்டு வரும் தீயைப்போல. வடமொழியில் இதற்கு அக்கினிசிகை என்றும் ஒரு பெயர் உண்டு. அதுவும் தீக்கொழுந்துதான்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார் அல்லவா, அதில் முதல் பூவே இதுதான்: ‘வள்ளிதழ் ஒண்செங் காந்தள்’. சரி, இதுவரை பிரச்சினை இல்லை. அதே பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால் ‘கோடல்’ வருகிறது. இன்னும் கீழே ‘தும்பை, துழாஅய், சுடர்ப்பூந் தோன்றி’ வருகிறது. அகராதியைத் திறந்தால் கோடல் வெண்காந்தள், தோன்றி செங்காந்தள். அப்படியானால் கபிலர் ஒரே பூவை இரண்டு தடவை எண்ணிவிட்டாரா? 99 பூவை மூச்சுவிடாமல் சொல்லும் மனிதர் அப்படித் தடுமாறுவாரா? மூன்றும் மூன்று செடிகளா, ஒன்றின் வகைகளா என்று தமிழும் தாவரவியலும் படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முல்லைப்பாட்டில் இரண்டு வரி இருக்கிறது, அடுத்தடுத்து:

கோடல் குவிமுகை அங்கை அவிழ,
தோடார் தோன்றி குருதி பூப்ப

கோடலின் மொட்டு உள்ளங்கையாக விரிகிறது. தோன்றி ரத்தமாகப் பூக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், முல்லை நிலத்து மழைக்காலத்தில். காந்தளோ பெரும்பாலும் மலைப்பாட்டில் வருகிறது. கோடல் என்றால் வளைதல் என்றும் பொருள் உண்டு. நேற்று அந்த அக்கா திருப்பிக் காட்டிய செங்கோணச் சூல்தண்டு ஞாபகம் வந்தது. பூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காத ஒருவன் அந்தப் பெயரை வைத்திருக்க முடியாது.

எனக்குத் தோன்றிமேல்தான் கண். நற்றிணை 69-இல் சேகம்பூதனார் ‘தோன்றி தோன்றுபு புதல் விளக்கு உறாஅ’ என்கிறார். தோன்றி தோன்றிப் புதர்களில் விளக்கு ஏற்றுகிறதாம். பெயரிலேயே வினை இருப்பதை எடுத்துப் புலவரே விளையாடியிருக்கிறார். நேற்றுத் தோட்டக்காரர் சொன்னதும் இதைத்தான்: “சித்திரையில வந்து பாத்தீங்கன்னா வெறும் காடுங்க. ஒண்ணுமே இருக்காது.” கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கொடி கிளம்பி வரும். தோன்றுவதால் தோன்றி. இவ்வளவு அழகான பெயரை நாம் எங்கே விட்டோம்? எங்கள் ஊரிலும் இல்லை, மூலனூரிலும் இல்லை.

சாயங்காலம் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்குப் பூவின் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “கார்த்திகைப்பூ!” அங்கே அதற்கு மாதத்தின் பெயர். நவம்பர் 27-ஐ மாவீரர் நாளாக நினைவுகூரும் மக்களுக்கு அந்த மாதமும் அந்தப் பூவும் வேறு பாரம் சுமக்கின்றன. மூலனூரில் கிலோக் கணக்கில் எடை போடப்படும் பூ அங்கே எடை போட முடியாததாக இருக்கிறது. நண்பர் அதற்குமேல் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

நாள் 3: பழனி

வெயில் வந்துவிட்டது. தாராபுரத்திலிருந்து பழனிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் மலை கூடவே வந்தது.

பழனிக்கு வந்ததற்குக் காரணம் முருகன். காந்தள் அவன் பூ. குறுந்தொகை முதல் பாட்டு முழுவதும் அதுதான். தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது அன்பளிப்பாக, கொண்டு வந்து நீட்டுகிறான். தோழி வாங்கவில்லை. அவுணரைக் கொன்று களத்தைச் சிவக்க வைத்த சேயோனின் குன்றம் இது, இங்கே ரத்தப்பூ குலைகுலையாகவே கிடக்கிறது, நீ கொண்டுவந்தது எதற்கு என்கிறாள். திப்புத்தோளார் பாடியது. நான்கே வரியில் மூன்று முறை ‘செங்’ என்று சொல்லிவிட்டு, நான்காவதாகக் குருதி என்கிறார். பூவின் நிறத்தை அவர் எங்கேயும் தனியாகச் சொல்லவே இல்லை.

நக்கீரரின் திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருப்பதும் இதுவே: ‘சுரும்பும் மூசாச் சுடர்ப்பூங் காந்தள்’. வண்டும் மொய்க்காத காந்தள். இந்த வரி பழனிக்கு உரியது இல்லை, திருப்பரங்குன்றத்துப் பகுதியில் வருகிறது. தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். வண்டு மொய்க்காது என்பது தெய்வப்பூ என்பதற்கான உயர்வாகத்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். மூலனூரில் தேனீயை நம்பாமல் விரலால் மகரந்தம் ஒற்றும் பெண்களைப் பார்த்த பிறகு, நக்கீரர் கொஞ்சம் கவனித்துத்தான் எழுதியிருப்பார் என்று படுகிறது. வண்டே வராது என்பதும் சரியில்லை. பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்து போவதுண்டு.

அடிவாரத்தில் பூக்கடைகள். அரளி, சம்பங்கி, செவ்வந்தி, ரோஜா, மரிக்கொழுந்து. ஒரு கடைக்கார அம்மாவிடம், “காந்தள் பூ இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“அது என்ன பூங்க?”

போனில் படத்தைக் காட்டினேன். கையை உதறிக்கொண்டார், படத்திலிருந்தே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. “ஐயோ, கண்வலிப்பூ! இதைப் போயிச் சாமிக்குப் போடுவாங்களா? வெசமுங்க.”

அவர் தலைக்கு மேலே, கடைப் பலகையில் வண்ணம் தீட்டிய முருகன் நின்றிருந்தான். கழுத்து நிறையச் செவ்வந்தி. நக்கீரர் காலத்தில் காந்தளைத் தலையில் கண்ணியாகச் சூடியவன்.

693 படியும் ஏறினேன். யானைப் பாதையில் போகச் சொன்ன முழங்காலின் பேச்சைக் கேட்கவில்லை. மேலே நின்று பார்க்கும்போது, கொடைக்கானல் மலை மழை கழுவிவிட்ட நீலத்தில் இருந்தது. அந்தச் சரிவுகளில் எங்கேயோ யாரும் பந்தல் கட்டாத காந்தள் இருக்கும். இறங்கி வரும்போது படியோரம் ஒரு புதரில் சிவப்பாக எதையோ பார்த்து ஓடிப் போனேன். பஞ்சாமிர்தக் கவர்.

நாள் 4: கொல்லங்கோடு

பழனியிலிருந்து பாலக்காடு ரயில். உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி. பொள்ளாச்சி தாண்டியதும் தென்னை அடர்ந்து, பெயர்ப்பலகையில் எழுத்து மாறி, டீ விற்பவரின் குரலும் மாறிவிடுகிறது. கொல்லங்கோட்டில் இறங்கினேன். வயல்வெளிக்குப் பின்னால் சுவர் மாதிரி நெல்லியாம்பதி மலை. கோடு போட்டதுபோல் நாலைந்து அருவிகள்.

இங்கே இறங்க ஒரே காரணம்தான் இருந்தது. மலையாளத்தில் இந்தப் பூவுக்கு என்ன பெயர் என்று எழுத்தில் பார்த்திருந்தேன். அதை யாராவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் நடந்தேன். வேலியெல்லாம் செம்பருத்தி, வேலிப்பருத்தி, பெயர் தெரியாத நூறு கொடிகள். கிடைக்கவில்லை. தொடைக்குமேல் சேறு. திரும்பிவிடலாம் என்று ஒரு குறுக்குச் சந்தில் நுழைந்தபோது, பழைய ஓட்டு வீட்டின் மண்சுவர் மேல், இலை நுனியால் முருங்கைக் கிளையைப் பிடித்துக்கொண்டு அது தொங்கியது. சீசன் முடிகிற நேரம். நான்கே பூ. எல்லாம் கருஞ்சிவப்பு. இதுதான் எங்கள் வீட்டு வேலியில் பார்த்த பூ, பந்தலும் கம்பியும் இல்லாமல்.

போனை எடுத்துக் கிட்டப் போனேன். உள்ளே இருந்து ஒரு பாட்டி வேகமாக வெளியே வந்தார்.

“தொடண்டா, தொடண்டா! மேந்தோன்னியாணு. விஷமாணு.”

அங்கேயே நின்றுவிட்டேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன். “என்னம்மா பேரு?”

“மேந்தோன்னி.”

தமிழில் ‘ன்ற’ வரும் இடத்தில் மலையாளத்தில் ‘ன்ன’ வரும். ஒன்று, ஒன்னு. மூன்று, மூன்னு. கன்று, கன்னு. எனக்குத் தோன்றுகிறது என்பது அவர்களுக்கு எனிக்கு தோன்னுன்னு. ஆக மேந்தோன்னியின் முன்பாதியை விட்டுவிடுங்கள், பின்பாதியில் நிற்பது தோன்றி. நற்றிணையின் தோன்றி. கபிலர் எண்ணிய தோன்றி. மூலனூரில் ஆயிரக்கணக்கான பூக்களுக்கு நடுவில் கிடைக்காத சொல், இங்கே நான்கு பூவுக்குக் காவலாக ஒரு பாட்டியின் வாயில் இருக்கிறது.

என் முகத்தைப் பார்த்துப் பாட்டி பயந்திருக்க வேண்டும். சம்பாரம் கொண்டுவந்து கொடுத்தார். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். தமிழ் நன்றாகப் புரிகிறது, பேசவும் செய்கிறார். “எங்கள் ஊரில் இதைக் கண்வலிப்பூ என்போம்” என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கண்ணுக்கு என்ன? வயித்துக்குப் போனாலல்லோ ஆளு போகும்!”

நாள் 5: ஃபோர்ட் கொச்சி

காலையிலேயே கொச்சி. மீன்வலைகளைப் பார்க்க வந்த கூட்டத்தோடு நானும் கொஞ்ச நேரம் நின்றேன். வலைகளைப் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

நான் வந்தது ஒரு டச்சுக்காரருக்காக. ஹென்ட்ரிக் வான் ரீடே. 1670களில் மலபாரில் டச்சுக் கம்பெனியின் ஆளுநர். இங்கே உட்கார்ந்துகொண்டுதான் ‘ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்’ என்ற தாவர நூலுக்கு வேலை தொடங்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவரோடு ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்று மூன்று கொங்கணி பிராமண மருத்துவர்கள். அச்சுதன் 1675-இல் கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்த சான்றிதழை முதல் தொகுதியில் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். லத்தீனில் இருந்த 12 தொகுதியையும் தனி மனிதராக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் தாவரவியலாளர் மணிலால். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. வாழ்நாளில் பாதியை ஒரு புத்தகத்துக்குக் கொடுத்த மனிதர்.

கடற்கரைத் திண்ணையில் உட்கார்ந்து ஏழாம் தொகுதியின் படத்தைப் போனில் பெரிதாக்கினேன். நம் பூதான். சுருண்ட இலை நுனி, மேலே மடிந்த இதழ், செங்கோணச் சூல்தண்டு, கீழே கலப்பைக் கிழங்கு. ஓவியன் எதையும் விடவில்லை. மேலே பெயர்: மென்தோனி.

பாட்டி நேற்றுச் சொன்ன அதே சொல், 1688-இல்!

அந்தப் பெயருக்கு நடந்ததுதான் எனக்கு இந்தப் பயணத்தின் உச்சம். மலபாரிலிருந்து செடியும் பெயரும் சேர்ந்தே கப்பல் ஏறின. ஐரோப்பியத் தோட்டங்களில் இந்தச் செடிக்கு லத்தீன் வால் ஒட்டிய ஒரு பெயர் புழங்கியது: மெத்தோனிகா. அதாவது மேந்தோன்னி, அதாவது தோன்றி. முல்லைப்பாட்டின் சொல் கொஞ்ச காலம் லத்தீன் பேசியிருக்கிறது.

பிறகு, செடிகளுக்கு லத்தீனில் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் வந்தார். பேரினப் பெயர்கள் கிரேக்கத்திலிருந்தோ லத்தீனிலிருந்தோதான் வர வேண்டும், மற்றவை காட்டுமிராண்டிப் பெயர்கள் என்பது அவர் விதி. 1753-இல் வந்த அவருடைய நூலில் இந்தச் செடி குளோரியோசா சூப்பர்பா ஆகிவிட்டது. முதல் சொல்லுக்குப் புகழ்மிக்கது என்று பொருள், இரண்டாவதற்குச் செருக்கானது, ஒப்பற்றது என்றெல்லாம் பொருள். அவருக்குப் பின்னும் சிலர் மெத்தோனிகா சூப்பர்பா என்று எழுதிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. மகிமை, மகிமை என்று இரண்டு தடவை சொல்லும் அந்தப் பெயரில் தீயும் இல்லை, கையும் இல்லை, ஏரும் இல்லை. எந்த அழகான பூவுக்கும் அதை வைத்துவிடலாம். லின்னேயஸ்மேல் எனக்குப் பொதுவாக மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் கோபம்.

ஒரு தமாஷ்: கோல்ச்சிசின் என்ற பெயரும் ஒரு நாட்டின் பெயர். கருங்கடல் ஓரத்தில், இன்றைய ஜார்ஜியாவில் இருந்த கோல்ச்சிஸ். கிரேக்கக் கதைகளில் விஷமும் மந்திரமும் தெரிந்த மெடியாவின் நாடு. அந்த நாட்டின் பெயர் தாங்கிய ஒரு பூவிலிருந்துதான் முதலில் மருந்தைப் பிரித்தார்கள். நம் பூவும் அதே குடும்பம். லில்லி என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் லில்லிக் குடும்பம் இல்லை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான். 1947-இல் இளவரசி எலிசபெத்தின் 21-ஆம் பிறந்தநாளுக்கு அங்கே பள்ளிக் குழந்தைகளிடம் காசு திரட்டி, இந்தப் பூ வடிவில் ஒரு வைர ப்ரூச் செய்து கொடுத்தார்கள்.

ராத்திரி விடுதி முற்றத்தில் ரத்தினகிரியிலிருந்து வந்த ஒரு மராட்டித் தம்பதி. பேச்சுக் கொடுத்தேன், இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். அந்த அம்மா பார்த்ததும், “களலாவி!” என்றார். கணவர் உடனே சிரித்துவிட்டு, சண்டை மூட்டிவிடுபவளை அப்படித்தான் சொல்வோம் என்றார். அந்த அம்மா தலையாட்டி மறுத்தார். கள் என்றால் பிரசவ வலி, லாவி என்றால் அதை வரவழைப்பது. வலி கொண்டுவரும் செடி. வடமொழி மருத்துவத்தில் இதற்குக் கர்ப்பத்தைக் கலைப்பது என்ற பொருளில் ஒரு பெயர் இருப்பது ஞாபகம் வந்தது. கருவுற்றவர்களுக்கு இந்தச் செடி எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு எச்சரிக்கை வேண்டாம். படுக்கப் போகும்போது அத்தைக்கு ஒரு போன் போட வேண்டும் என்று தோன்றியது. மணி பத்தரை. நாளைக்கு.

நாள் 6: ரயிலில்

திரும்பிக்கொண்டிருக்கிறேன். எதிர் சீட்டில் ஒருவர் பாலக்காடு வரை தூங்கி, எழுந்து, பாலக்காடு வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். அத்தைக்குப் போன் போட்டேன். அப்பத்தாவுக்கு ஒரே மகள். வயது 78. காது நன்றாகக் கேட்கும், போனில்தான் கத்துவார்.

“அத்தை, நம்ம வேலியில கண்வலிப்பூ கெடக்குமே, அதை அப்பத்தா வேற ஏதாச்சும் பேரு சொல்லுமா?”

“பூவையா? அதைப் பூவுன்னு யாருய்யா பாத்தா? கெழங்குக்குத்தான் வருவாக.”

“யாரு வருவாக?”

“பிள்ளைப்பேறு இழுத்துக்கிட்டே கெடந்துச்சுன்னா ராத்திரியில வந்து கதவத் தட்டுவாக. எங்கம்மாதான் அரிக்கேன் வெளக்கத் தூக்கிக்கிட்டு வேலிக்குப் போயி ஒரு துண்டு தோண்டிக் குடுக்கும். அரைச்சு உள்ளங்கால்ல பூசுவாக. பிள்ளை பொறந்த மறுநிமிசமே தேச்சுக் கழுவிரணும், விட்டா தாயே தங்காதும்பாக. அப்ப ஆஸ்பத்திரி ஏது, காரு ஏது. இப்ப எவளாச்சும் செஞ்சா போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன்.”

“அதான் பாத்தா கண்ணு வலிக்கும்னு எங்களை வெரட்டுச்சா?”

“ஆமா. நீதான் ஒருநா கொடியோட புடுங்கிக்கிட்டு வந்து நின்னியே. கெழங்கு தனியா அத்துப் போயி ஆட்டுக்குட்டி வாயில கெடந்துச்சு. அம்மா உன்னைப் போட்டு அடிச்சுச்சு.”

“நல்லா ஞாபகம் இருக்கு அத்தை. ஒரு பூவுக்கா அப்படி அடிக்கிறதுன்னு ரொம்ப நாள் கோவம்.”

ரயில் சுரங்கம் எதிலும் நுழையவில்லை, ஆனால் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அத்தை கத்துவதை விட்டுவிட்டுச் சொன்னார்.

“அந்தக் கெழங்கு ஒண்ணுதான்யா இருந்துச்சு. உங்க சித்தி அப்ப நெற மாசம்.”